சரிவான முற்றம், மழை, நாற்பது பிள்ளைகள்: விளையாட்டுப் பாடவேளையை எப்படி நடத்துவது?

மலையோர டீச்சர் (திருவட்டாறு பக்கம்)

ஓர் ஈராசிரியர் தொடக்கப் பள்ளியில் இருக்கிறேன். ஐந்து வகுப்புக்கும் சேர்த்து நாற்பதுக்குச் சற்று மேல் பிள்ளைகள். பார்த்துக்கொள்ளத் தலைமையாசிரியரும் நானும். கால அட்டவணையில் உடற்கல்வி என்று எழுதியிருக்கிறது, அதுவும் கடைசிப் பாடவேளை. ஆசிரியர்தான் கிடையாது.

எங்கள் முற்றம் படியில் தொடங்கிச் சரிந்து, கீழே ஒரு ரப்பர் தோட்டத்தில் போய் முடிகிறது. நடுவில் கொடிக்கம்பமும் அதன் சிமெண்ட் மேடையும். நின்றிருந்த ஒரே அயினி மரமும் 2017-இல் ஒக்கிப் புயலில் விழுந்துவிட்டது, நிழலும் இல்லை. விளையாட்டு நிதியில் வாங்கிய ஐந்தாம் அளவு கால்பந்து ஒன்று இருக்கிறது. உதைத்தால் நேராகத் தோட்டத்துக்குள் இறங்கி மரத்தில் கட்டிய சிரட்டையைத் தட்டிவிடுகிறது. காலை உணவு முடிந்து மணி அடிப்பதற்குள் இது நடந்தால் அன்றைய பால் மண்ணுக்குத்தான். தோட்டத்துக்காரர் பொறுமைசாலி. ஆனாலும் போன வாரம் பந்தைத் திருப்பித் தரவில்லை.

ஜூன் பிறந்தால் மழை, அது ஓய்ந்தால் அக்டோபரில் அடுத்த மழை. வெயில் அடிக்கும் நாளிலும் ஓடுவது ஆறேழு பையன்கள்தான். பெண்பிள்ளைகள் படியில் உட்கார்ந்து சடை பின்னுகிறார்கள். இரண்டாம் வகுப்பில் ஒருவனுக்கு மூச்சிரைப்பு. அவனை விளையாட விடலாமா என்று தெரியாமல் என் பக்கத்திலேயே நிறுத்திக்கொள்கிறேன். இந்த இடத்தில், இந்தப் பிள்ளைகளை வைத்து என்ன செய்யலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

விசில் (ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், நாகர்கோவில்)

டீச்சர், முதலில் அந்தப் பந்து தோட்டத்துக்காரரிடமே இருக்கட்டும். ஐந்தாம் அளவு பந்து பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உரியது. எட்டு வயது வரை மூன்றாம் அளவு, அதற்கு மேல் பன்னிரண்டு வரை நான்காம் அளவு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பெரிய பந்தை உதைத்தால் பந்து நகராது, காலில் வலிதான் மிச்சம். இரண்டு முறை வலித்தால் மூன்றாம் முறை வராது. உங்கள் படியில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் இப்படிப் போனவர்களாக இருப்பார்கள்.

ஆசிரியர் இல்லாததைப் பற்றி அழுது பயனில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் என்பதே ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளுக்குத்தான், அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால். ஆனால் அதே அட்டவணை, ஒவ்வொரு வகுப்புக்கும் வேண்டிய விளையாட்டுப் பொருள் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை விளையாட்டுக்கு உண்டு. அதில் கேரம் பலகை வாங்கி அலமாரியில் பூட்டி வைக்கும் பள்ளிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நான்கு பேர் உட்கார்ந்து ஆட, முப்பத்தாறு பேர் வேடிக்கை பார்ப்பதற்குப் பெயர் உடற்கல்வியா?

சரிவில் உருளும் பொருள் எதுவும் வேண்டாம். பையில் புளியங்கொட்டை நிரப்பித் தையுங்கள். பழைய சீருடைத் துணி போதும், உங்கள் உள்ளங்கை அளவு, முக்கால் பங்கு நிறைத்தால் கையில் தளர்ந்து உட்காரும். முழுக்க நிறைத்தால் கல் மாதிரி ஆகிவிடும், முகத்தில் பட்டால் காயம். அரிசி, சோளம் போடாதீர்கள், ஒரே வாரத்தில் எலி கண்டுபிடித்துவிடும். புளியங்கொட்டையை நன்றாகக் காயவைத்துத்தான் போட வேண்டும், இல்லையென்றால் நம் ஊர் ஈரத்துக்குப் பூசணம் பிடிக்கும். ஆளுக்கு ஒன்று. இந்த 'ஆளுக்கு ஒன்று' என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு பந்தும் நாற்பது பிள்ளைகளும் என்றால் வலுத்தவன் விளையாடுவான். நாற்பது பைகள் என்றால், மேலே போட்டுக் கைதட்டிப் பிடிப்பதும், தலையில் வைத்து விழாமல் மேட்டில் ஏறுவதும், சுவரில் வரைந்த வட்டத்தில் எறிவதும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நடக்கும்.

பிறகு ஓட்டம். சரிவைக் குறை என்று நினைக்காதீர்கள். மேட்டில் ஏறும்போது வேகம் தானாகக் குறையும், விழுந்தாலும் கை ஊன்றி விழுவார்கள். இறங்கும்போதுதான் முட்டி உடையும். எனவே ஏற்றத்தில் ஓட்டம், இறக்கத்தில் நடை, இதை முதல் நாளே கண்டிப்பாகப் பழக்குங்கள். கொடிமேடையைச் சுற்றிப் பாசி பிடித்திருக்கும், மழைக்காலம் முழுவதும் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்காமல் ஒருவரையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

கிளித்தட்டு இறக்குங்கள்: கட்டம் போட்ட கோடுகளில் ஓர் அணி நின்று மறிக்க, மற்ற அணி தாண்டி ஓடும் விளையாட்டு. சுண்ணாம்புக் கோடு மழையில் கரைந்துவிடும். தும்புக்கயிற்றை நீட்டி, தரையோடு ஒட்டி முளை அடித்துவிட்டால் மாதக்கணக்கில் கிடக்கும். முளையின் தலை மண்ணுக்கு மேல் தெரியக் கூடாது, கால் விரல் போய்விடும். பெரிய வகுப்பு கோட்டில் நின்று மறிக்கட்டும், சின்ன வகுப்பு தாண்டட்டும். கோட்டில் நிற்பவன் தன் கோட்டை விட்டு நகர முடியாது, நடுக்கோட்டில் ஓடும் கிளிக்கு மட்டும்தான் சலுகை. ஐந்தாம் வகுப்புக்காரனின் வேகம் அங்கே செல்லாது, ஒன்றாம் வகுப்புக் குட்டி அவன் கைக்கு அடியில் நுழைந்து போகும்.

ஒன்றை மட்டும் மாற்றிவிடுங்கள். தொடப்பட்ட பிள்ளை வெளியே போய் உட்காரக் கூடாது, தொடக்கக் கோட்டுக்குத் திரும்பி வந்து மறுபடியும் ஓட வேண்டும். 'அவுட்' என்ற வழக்கத்தைத் தொடக்கப் பள்ளியிலிருந்து ஒழிக்க வேண்டும் என்று பணியில் இருந்த காலம் முழுவதும் கத்திக்கொண்டிருந்தேன். யாருக்கு ஓட்டம் அதிகம் தேவையோ அவன்தான் முதலில் அவுட் ஆவான். மீதி நேரம் முழுவதும் மண்ணில் கோடு கிழித்துக்கொண்டிருப்பான். இசை நாற்காலியும் எலுமிச்சைக் கரண்டியும் ஆண்டு விழாவுக்கு வரும் பெற்றோருக்காக. பிள்ளைகளுக்கு அதில் ஒன்றும் இல்லை.

மூச்சிரைப்புப் பையனை நிறுத்தி வைக்காதீர்கள். அவன் அம்மாவை அழைத்து, மருத்துவர் என்ன சொல்லியிருக்கிறார், உறிஞ்சும் மருந்து இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் ஒன்று பள்ளியிலும் இருக்கட்டும். மெதுவாக நடந்து உடம்பு சூடான பிறகு ஓட விடுங்கள். இழுப்பு வந்தால் உட்காரவைத்து மருந்து. குறையவில்லை என்றால் தாமதிக்காமல் மருத்துவமனை. சளி பிடித்த நாளில் மட்டும் பை எறியும் விளையாட்டோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

பூக்கடைத் தெரு (தோவாளை)

சார் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. நானும் தொடக்கப் பள்ளிதான், எங்களுக்குச் சமதளமாகவே மைதானம் இருக்கிறது. இருந்தும் விளையாட்டுப் பாடவேளை நடப்பதில்லை. எண்ணும் எழுத்தும் என்ற வாசிப்பு, கணக்குத் திட்டம் தொடங்கிய பிறகு, பார்வைக்கு வருகிறவர்கள் எந்தப் பிள்ளை எந்த நிலையில் வாசிக்கிறது என்றுதான் கேட்கிறார்கள். எத்தனை பேர் கயிறு தாண்டினார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்காததை யார் செய்வார்கள்? அதோடு ஒரு பிள்ளை விழுந்து கை ஒடிந்தால் ஊரே வாசலில் வந்து நிற்கும். அதற்கும் பதில் சொல்லுங்கள்.

விசில்

தம்பி, வாசிப்பு நிலைக்கும் இதற்கும் பகை என்று யார் சொன்னது? ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் காலை முதல் மாலை வரை உட்காரவைத்தால் மதியத்துக்கு மேல் அது எழுத்தைப் பார்க்கிறதா, ஜன்னலைப் பார்க்கிறதா என்று நீங்களே கவனியுங்கள். ஐந்து முதல் பதினேழு வயது வரை நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு உடலசைவு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். வாரத்துக்கு இரண்டு பாடவேளை முழுதாக நடந்தாலும் அதன் அருகில் வராது. அதையும் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொண்டால்?

விழுவதைப் பற்றி: விழத் தெரியாத பிள்ளைக்குத்தான் கை ஒடியும். உட்கார்ந்து உருள்வது, கை மடக்கி விழுவது, இதெல்லாம் மணலில் கற்றுக்கொடுக்க வேண்டிய பாடம். முதலுதவிப் பெட்டி, பெற்றோரின் தொலைபேசி எண், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் முன்கூட்டியே ஒரு வார்த்தை. இவை இருந்தால் யாரும் வாசலில் வந்து நிற்பதில்லை. வந்தாலும் பேசிக்கொள்ளலாம்.

ஜெபா அம்மா (தூத்தூர் பக்கம்)

நான் ஆசிரியை இல்லை, நான்காம் வகுப்புப் படிக்கும் பெண்ணின் தாய். எங்கள் கடற்கரையில் பையன்களுக்குப் பந்து சொல்லிக்கொடுக்க யாரும் தேவையில்லை. பக்கத்து இரவிபுத்தன்துறையிலிருந்து போன மைக்கேல் சூசைராஜ் இந்தியன் சூப்பர் லீக்கில் விளையாடிவிட்டார், இப்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒருவன் அவர் மாதிரி இடது காலால் அடிக்கப் பார்க்கிறான். ஆனால் பெண்பிள்ளைகள் ஏன் படியில் உட்காருகிறார்கள் என்பதற்கு நான் பதில் சொல்கிறேன் டீச்சர். என் மகள் ஓடும்போது பாருங்கள், ஒரு கை எப்போதும் பாவாடையைப் பிடித்திருக்கும். ஒரு கையால் எதைப் பிடிப்பாள், எதை எறிவாள்? கூட்டத்தில் நான் எழுந்து, விளையாட்டு இருக்கும் நாளில் எல்லாப் பெண்பிள்ளைகளுக்கும் பாவாடைக்கு உள்ளே அரைக்கால் சட்டை போட்டு அனுப்புவோம் என்று சொன்னேன். அம்மாமார் எல்லோரும் சரி என்றார்கள். ஓர் அப்பா மட்டும் முனகினார். மறுவாரம் அவர் மகள்தான் முதலில் ஓடினாள்.

இன்னொன்று. உங்கள் முற்றத்தின் அடியில் வலை கட்டக் கூடாதா? எங்கள் வீட்டில் கிழிந்த வலை மூலையில் கிடக்கிறது. மீன் பிடிக்க ஆகாது, பந்து பிடிக்க ஆகும்.

மலையோர டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. புளியங்கொட்டைக்குக் குறைவில்லை, சத்துணவு அக்காவிடம் சொல்லிவிட்டேன். தையல் தெரிந்த ஓர் அம்மா தைத்துத் தருகிறேன் என்கிறார். பையனின் தாயும் வந்தார். உறிஞ்சும் மருந்து வீட்டில் இருக்கிறதாம், பள்ளியில் சொன்னால் சேர்க்க மாட்டார்கள் என்று பயந்து மறைத்திருக்கிறார். அரைக்கால் சட்டை விஷயத்தை அடுத்த கூட்டத்தில் பேசுகிறேன். மழை விடாமல் பெய்யும் நாளில் என்ன செய்வது என்று மட்டும் சொல்லுங்கள் சார், வராந்தா அகலம் குறைவு. ஜெபா அம்மா, வலை உண்மையிலேயே தருவீர்களா?

விசில்

வராந்தாவில் சுவடு வைக்கப் பழக்குங்கள். அடிமுறை என்ற தற்காப்புக் கலை பிறந்த மாவட்டத்தில் இருக்கிறீர்கள், உங்கள் பிள்ளைகளில் யாராவது ஒருவருடைய தாத்தாவுக்குத் தெரிந்திருக்கும், அவரைக் கூப்பிடுங்கள். கம்பு வேண்டாம், அடி வேண்டாம், காலடி மாற்றி வைப்பது மட்டும். ஆளுக்கு ஒரு முழ அகலம் போதும், பத்து நிமிடத்தில் வேர்த்துவிடும். இன்னொரு மழைநாளில் தென்னங்கீற்றில் ஈர்க்கை உருவிவிட்டு ஓலைப்பந்து முடையச் சொல்லுங்கள். சின்ன விரல்களுக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது, முடைந்த பந்து அவ்வளவாக உருளவும் உருளாது.

வலை கட்டினால் அடிப்பக்கம் தரையைத் தொடவிடாதீர்கள். நான்கு விரல் இடைவெளி இருக்கட்டும். ரப்பர் தோட்டத்தை ஒட்டிய இடம், பாம்பு சிக்கிக்கொண்டால் அதை எடுப்பது பெரிய வேலை.

ஜெபா அம்மா

தருகிறேன் என்று சொன்னால் தருவேன் டீச்சர். நீளம் எத்தனை பாகம் (இரு கையையும் விரித்த அளவு) வேண்டும் என்று அளந்து சொல்லுங்கள், உயரம் ஓர் ஆள் அளவு வரும். வீட்டுக்காரர் ஞாயிறு மார்த்தாண்டம் வருகிறார், பஸ் நிலையத்தில் யாராவது வந்து வாங்கிக்கொண்டால் போதும். மீன் வாடை போக இரண்டு நாள் மழையில் போடுங்கள்.