பெரிய வீட்டுக் குழுவில் ஒரு வகுத்தல் கணக்கு

செல்வி: பெரியப்பா, ஞாயிற்றுக்கிழமை எனக்குக் குரூப் 4 தேர்வு. பயிற்சி மையத்தில் இன்று தந்த மாதிரி வினாத்தாளில் ஒரு கணக்கு குழப்புகிறது. “58அ2இ என்ற ஐந்திலக்க எண் 72 ஆல் மீதியின்றி வகுபடும் எனில், அ, இ ஆகிய இலக்கங்களின் கூடுதல் என்ன?” கொடுத்துள்ள விடைகள் 3, 6, 9, 12. எனக்கு 12 வந்தது. விடைக்குறிப்பில் 3 என்று இருக்கிறது.

சித்தப்பா: பெரியண்ணன் என்னிடம் வாய்ப்பாடு கேட்ட காலத்து அடி இன்னும் முட்டியில் வலிக்கிறது.

சென்னை அண்ணன்: 6, 12 இரண்டையும் பெருக்கினால் 72 தானே? அவ்விரண்டாலும் வகுபடுகிறதா என்று பார்த்தால் போதும்.

பெரியப்பா: போதாது, தம்பி. 84 என்ற எண் 6 ஆலும் வகுபடும், 12 ஆலும் வகுபடும். 72 ஆல் வகுபடுமா? பிரித்துக்கொள்ளும் இரண்டு எண்களும் 1 ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாத சார்பகா எண்களாக இருக்க வேண்டும். ஆகவே 72 ஐ 8, 9 என்றுதான் பிரிக்க வேண்டும். 1000 என்பது 8 இன் 125 மடங்கு என்பதால், ஆயிரத்திற்கு மேலுள்ள இலக்கங்களை விட்டுவிட்டுக் கடைசி மூன்று இலக்கங்களை மட்டும் 8 ஆல் வகுத்துப் பார்க்கலாம். 10 ஐ 9 + 1 என்றும் 100 ஐ 99 + 1 என்றும் எழுதினால், 9 ஆல் வகுத்த பின் ஒவ்வொரு இடத்திலும் எஞ்சுவது அந்தந்த இலக்கமே என்பதால், இலக்கங்களின் கூடுதல் 9 ஆல் வகுபட்டால் எண்ணும் வகுபடும்.

மதுரை அத்தை: பாடம் தொடங்கிவிட்டது. நான் தோசை சுட்டுவிட்டு வருகிறேன்.

பெரியப்பா: இப்போது இந்தக் கணக்கு. 5 + 8 + 2 = 15. எனவே அ + இ என்பது 3 ஆகவோ 12 ஆகவோதான் இருக்க முடியும். 6, 9 இரண்டையும் இங்கேயே அடித்துவிடலாம். அடுத்து, அ2இ என்பது 8 ஆல் வகுபட வேண்டும். அ இரட்டை எண்ணாக இருந்தால் இ கட்டாயம் 4. ஒற்றை எண்ணாக இருந்தால் இ 0 அல்லது 8.

செல்வி: அப்படியானால் 320 சரியாக வருகிறது, கூடுதல் 3. எனக்கு வந்த 824 உம் வகுபடுகிறது, கூடுதல் 12!

பெரியப்பா: இரண்டும் சரி. 58320 ஐ வகுத்தால் 810, 58824 ஐ வகுத்தால் 817. வினாவே பிழை, அம்மா. கேட்டவர் முதல் விடை வந்ததும் நிறுத்திவிட்டார்.

சித்தப்பா: வகுத்தலில் பிழை என்றால் நினைவுக்கு வருகிறது. அப்பா விட்டுப்போன 47 சென்ட் நிலம் எங்கள் மூவருக்கும் மீதியின்றி வகுபடுமா என்று யாராவது சொல்லுங்கள்.

சென்னை அண்ணன்: 4 + 7 = 11. மூன்றால் வகுபடாது, சித்தப்பா. மீதி 2 சென்ட்.

சித்தப்பா: அந்த 2 சென்டில்தான் கிணறு இருக்கிறது.

மதுரை அத்தை: மூவர் என்று யார் சொன்னது? அப்பாவுக்கு நாங்கள் நான்கு பேர். நான்கால் வகுத்தாலும் 3 மீதி. தோசைக் கல்லை அணைத்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பெரியப்பா: இது பிள்ளையின் தேர்வு பற்றிய பேச்சு.

சித்தப்பா: தேர்வாணைய விடைத்தாளில் “விடை தெரியவில்லை” என்று ஐந்தாவது வட்டம் உண்டாமே. நிலத்துக்கு அதைக் கறுப்பாக்கிவிடுவோம்.

செல்வி: 180 நிமிடங்களில் 200 வினாக்கள், பெரியப்பா. ஒன்றுக்கு 54 வினாடிகள்தான் கிடைக்கும். இப்படி எல்லாவற்றையும் சரிபார்க்க நேரம் இருக்குமா?

பெரியப்பா: நூறு வினாக்கள் தமிழ் என்பதால் அங்கே மிச்சமாகும் நேரம் கணக்கின் 25 வினாக்களுக்கு வரும். எந்தக் கணக்கிலும் முதலில் 9, 11 விதிகளைக் கொண்டு பொருந்தாத விடைகளை நீக்கு. மீதமுள்ளதற்கு மட்டும் வகுத்துப் பார். 11 க்கு, ஒன்று விட்டு ஒன்றாக இலக்கங்களைக் கூட்டி, இரு கூடுதல்களின் வேறுபாடு 0 ஆகவோ 11 இன் மடங்காகவோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 7 க்குக் கடைசி இலக்கத்தை இரட்டித்து, எஞ்சிய எண்ணிலிருந்து கழித்து, வருவது 7 ஆல் வகுபடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் தேர்வறையில் அதைவிட நேரடியாக வகுப்பதே விரைவு என்பது என் அனுபவம்.

சென்னை அண்ணன்: பயிற்சி மையத்துக்கு யார் சொல்வது? செல்வியின் மதிப்பெண் 1.5 போய்விட்டதே.

செல்வி: நான் சொன்னால் திமிர் என்பார்கள். பெரியப்பா பேசினால் நல்லது.

பெரியப்பா: முழு விடையையும் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். பேசுவதைப் பிறகு பார்ப்போம்.

அம்மா: எல்லாம் சரி. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மேல் உள்ளே விட மாட்டார்களாம். அவளை யார் வண்டியில் கூட்டிப் போவது என்று மாலையிலிருந்து கேட்கிறேன்.

சித்தப்பா: என் வண்டி பட்டறையில் இருக்கிறது, அண்ணி.

அம்மா: இதற்கும் ஐந்தாவது வட்டமா?