வால்வோடு முடிகிறதா கேஸ் கம்பெனியின் பொறுப்பு? சாட்ஸ்வர்த் டேக்அவே தீ

சாட்ஸ்வர்த்_குமரன்:
வணக்கம். என் அத்தை மகன் தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வர்த்தில் ஒரு டேக்அவே (பார்சல் சாப்பாட்டுக் கடை) வைத்திருக்கிறான். பன்னி சாவ் (குடைந்த பாண் ரொட்டிக்குள் கறி ஊற்றியது), ரொட்டி, சனிக்கிழமை பிரியாணி. போன மாதம் காலையில் சமையல்காரர் அடுப்பைப் பற்றவைத்ததும் தரையோடு தீ ஓடிவந்து அவர் இரண்டு கைகளும் வெந்துவிட்டன. வேலைக்குத் திரும்பப் பல மாதங்கள் ஆகும். பின்சுவர் ஓரம் 48 கிலோ சிலிண்டர் இரண்டு. குழாய் முழுக்க முன்பு கடை வைத்திருந்தவர் போட்டது. கேஸ் கம்பெனி டிரைவர்தான் ஒவ்வொரு முறையும் காலி சிலிண்டரைக் கழற்றி, புதியதை மாட்டிவிட்டுப் போவார். இப்போது அந்தக் கம்பெனி, "வால்வுக்கு அப்பால் எங்களுக்குச் சம்பந்தம் இல்லை" என்கிறது. இன்ஷூரன்ஸ்காரர்கள் சான்றிதழ் கேட்கிறார்கள், அது இல்லை. கம்பெனி மேல் வழக்குப் போட முடியுமா?

பைப்லைன்_பெரியப்பா:
போடலாம் தம்பி, நிற்காது. நான் பதிவு பெற்ற கேஸ் ஃபிட்டர், அதனால் சொல்கிறேன். 2009இன் அழுத்தக் கருவி விதிகளில் 17ஆவது விதியைப் படி. புதிதாகப் போட்டாலும், மாற்றி அமைத்தாலும், கடை கைமாறினாலும், கேஸ் இணைப்பு விதிப்படி இருக்கிறது என்ற இணக்கச் சான்றிதழ் வாங்க வேண்டும். அது பயன்படுத்துகிறவர் தலையில் உள்ள வேலை. உன் அத்தை மகன் சாவி வாங்கிய அன்றே ஒரு ஃபிட்டரைக் கூப்பிட்டு அழுத்தச் சோதனை செய்திருக்க வேண்டும். பெட்ரோல் போடுகிற பையன் வண்டியின் பிரேக்கையும் பார்க்க வேண்டுமா?

ஃபீனிக்ஸ்_மீனா:
அண்ணே, பெட்ரோல் போடுகிற பையன் ஸ்பேனர் எடுத்து எதையும் முடுக்குவதில்லையே. இவர் முடுக்கினார்.

நான் ஒரு சட்ட அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன், தொழிலிட விபத்து வழக்குகள்தான் அதிகம் வரும். 1993இன் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டம் 10ஆம் பிரிவைப் பாருங்கள். வேலைக்குப் பயன்படும் பொருளை விற்பவர், வழங்குபவர் மட்டும் இல்லை, ஓர் இடத்தில் அதைப் பொருத்துகிறவரும் அந்தப் பொருத்தல் ஆபத்தில்லாதபடி நடைமுறையில் முடிந்ததைச் செய்தாக வேண்டும். 2008இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 61ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. பாதுகாப்பற்ற பொருளால் தீங்கு வந்தால் கவனக்குறைவை நிரூபிக்கவே வேண்டாம். சேவையோடு சேர்த்து ஒரு பொருளைப் பொருத்திக் கொடுப்பவரும் அந்தப் பொருளின் சப்ளையராகவே கருதப்படுவார். கேஸும் 'பொருள்' என்று அந்தச் சட்டமே சொல்கிறது.

பைப்லைன்_பெரியப்பா:
அம்மா மீனா, 61ஐ எல்லோரும் மந்திரம் மாதிரி சொல்கிறீர்கள். மின்சாரக் கம்பெனி எஸ்காம் மேல் போட்ட வழக்கு என்ன ஆயிற்று? தாழ்வாகத் தொங்கிய மின்கம்பியில் சைக்கிள்காரர் பட்டார். 2016இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், அவர் நுகர்வோரே இல்லை, 61 செல்லாது என்றது. கேஸ் வாங்கியது கடை, சமையல்காரர் இல்லை. அப்புறம் அதே 61இல், குறை இருப்பதைக் கண்டுபிடிப்பார் என்று எதிர்பார்க்க நியாயமில்லை என்றால் விற்பனையாளர் தப்பலாம் என்றும் இருக்கிறது. டிரைவர் சுவருக்கு உள்ளே எக்ஸ்ரே எடுப்பாரா?

ஃபீனிக்ஸ்_மீனா:
அந்த சைக்கிள்காரர் மின்சாரத்தைப் பயன்படுத்திக்கொண்டிருக்கவில்லை, வழியில் போனவர். சமையல்காரர் அந்த கேஸில்தான் சமைக்கிறார். பொருளைப் பயன்படுத்துகிறவரும், சூழல் இடம் கொடுத்தால், நுகர்வோர்தான் என்று சட்டத்தின் வரையறையிலேயே இருக்கிறது. வாதாட இடம் இருக்கிறது, வெற்றி நிச்சயம் என்று நான் சொல்லவில்லை. அது போனாலும் சாதாரணக் கவனக்குறைவு வழக்கு இருக்கவே இருக்கிறது. நியாயமான ஒருவர் ஆபத்தை முன்கூட்டியே ஊகித்திருப்பாரா, தடுக்க ஏதாவது செய்திருப்பாரா, இவர் செய்தாரா? கேள்வி அவ்வளவுதான்.

குமரன், எந்த மூட்டில் கசிந்தது?

சாட்ஸ்வர்த்_குமரன்:
தீயணைப்புக்காரர்கள் பார்த்தவரை உலோகக் குழாய் சரியாக இருக்கிறதாம். சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டருக்குப் போகிற வளைகுழாயில் ரப்பர் வெடித்து விரிசல் விட்டிருந்தது. அதை ஒருமுறை டிரைவரே மாற்றிப் போட்டார், கம்பெனி பில்லிலும் வந்தது. பின்கதவு சிலிண்டர் பக்கம்தான்.

பைப்லைன்_பெரியப்பா:
இதை முதலிலேயே சொல்ல வேண்டாமா தம்பி! எல்பிஜி காற்றைவிடக் கனம். ராத்திரி முழுக்கக் கசிந்தால் கதவுக்கு அடியில் புகுந்து தரையில் படுத்துக் கிடக்கும், மூக்கு உயரத்தில் வாடை தெரியாமலே போகலாம். வளைகுழாய் கம்பெனி கொடுத்தது என்றால் அந்தக் குழாய்க்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டும், சரி. ஆனால் பழுத்த ரப்பர் ஒரே நாளில் வெடிக்காது. கடைக்காரர் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்ததுண்டா? ராத்திரி சிலிண்டர் வால்வை மூடியதுண்டா? நான் போகிற பத்துக் கடையில் ஒன்பதில் மூடுவதில்லை.

டோங்காட்_ரவி:
எல்லாரும் கம்பெனியையே பிடிக்கிறீர்கள். முதலாளி மேல் ஏன் சமையல்காரர் வழக்குப் போடவில்லை? கட்டட உரிமையாளர்?

ஃபீனிக்ஸ்_மீனா:
முதலாளி மேல் போட முடியாது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 35ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. அந்தச் சட்டத்தின் இழப்பீட்டு நிதியில் கிடைப்பதுதான். வலிக்கும் வேதனைக்கும் அங்கே பணம் கிடையாது. மூன்றாம் ஆள் மேல் போட 36ஆம் பிரிவு வழி விடுகிறது, நிதி கொடுத்தது அதில் கழியும். வக்கீல்கள் கேஸ் கம்பெனியைத் தேடிப் போவது இதனால்தான், பேராசையால் மட்டும் இல்லை. கட்டட உரிமையாளரையும் விசாரிக்கலாம், ஆனால் வளைகுழாய் அவர் கை பட்டது இல்லை.

பைப்லைன்_பெரியப்பா:
சரி, வழக்கு நிற்கிறது என்றே வைத்துக்கொள். 1956இன் சேதப் பங்கீட்டுச் சட்டப்படி நீதிபதி அவரவர் தவறுக்குத் தக்கபடி நஷ்டத்தைக் கூறு போடுவார். சான்றிதழ் வாங்காத கடைக்குத்தான் பெரிய கூறு. கம்பெனிக்கு முப்பது சதவீதம் வந்தால் அதிகம்.

ஃபீனிக்ஸ்_மீனா:
இரண்டு வழக்கையும் கலக்காதீர்கள் அண்ணே. கடை எரிந்ததற்கு அத்தை மகன் கேட்டால் நீங்கள் சொல்கிற வெட்டு விழும், கொஞ்சம் பலமாகவே விழும். சமையல்காரர் கேட்டால் அப்படி இல்லை. 35ஆம் பிரிவால் முதலாளி அவருக்கு நஷ்டஈடு தர வேண்டியவரே இல்லை, அதனால் கம்பெனியோடு சேர்ந்து பொறுப்பேற்கும் கூட்டுத் தவறாளி ஆகமாட்டார். கம்பெனி தன் பங்கில் ஒரு பகுதியை முதலாளி மேல் தள்ளவும் முடியாது. கம்பெனியின் தவறு சிறியது என்று நிரூபணமானாலும் நிதி கொடுத்தது போக மீதித் தொகை முழுவதும் அவர்கள் தலையில்தான்.

பைப்லைன்_பெரியப்பா:
அது அநியாயம். சான்றிதழ் இல்லாத கடைக்காரர் சும்மா போவார், டிரைவர் அனுப்பியவர் முழுதும் கட்டுவாரா?

ஃபீனிக்ஸ்_மீனா:
சும்மா போகமாட்டார். 14 நாளோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாத காயம் என்றால் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டம் 24ஆம் பிரிவுப்படி தொழிலாளர் துறை இன்ஸ்பெக்டருக்குத் தெரிவித்திருக்க வேண்டும். குமரன், அது நடந்ததா? முதலாளியின் கவனக்குறைவால் காயம் வந்தது என்றால் அதே சட்டம் 38ஆம் பிரிவில் அவர் மேலேயே குற்ற வழக்கு வரலாம், ஒரு லட்சம் ரேண்டு அபராதம் அல்லது இரண்டு வருடம் சிறை வரை.

சாட்ஸ்வர்த்_குமரன்:
இன்ஸ்பெக்டருக்கு யாரும் சொல்லவில்லை. இன்று சொல்லச் சொல்கிறேன். டெலிவரி ஸ்லிப் பின்பக்கம், "பொருத்துதலுக்குக் கம்பெனி பொறுப்பல்ல" என்று சின்ன எழுத்தில் இருக்கிறது. அத்தை மகன்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

ஃபீனிக்ஸ்_மீனா:
சமையல்காரர் கையெழுத்துப் போடவில்லையே, அவரை அது கட்டாது. வெடித்த வளைகுழாயையும் ரெகுலேட்டரையும் பையில் போட்டுத் தேதி எழுதிப் பூட்டி வையுங்கள், கம்பெனி ஆள் கேட்டால் கொடுக்காதீர்கள். வழக்குப் போட மூன்று வருடம் அவகாசம் இருக்கிறது. சமையல்காரர் தனக்கென்று தனி வக்கீல் பார்க்கட்டும், அத்தை மகனின் வக்கீலே வேண்டாம்.

பைப்லைன்_பெரியப்பா:
கடையைத் திரும்பத் திறப்பதற்கு முன்னால் என்னைக் கூப்பிடு. சான்றிதழ் இல்லாமல் சிலிண்டர் மாட்ட விடாதே, எந்த டிரைவர் வந்தாலும் சரி.