நனைந்தால் நீலம், காய்ந்தால் சாம்பல்: பழைய ஃபைபர் படகுக்கு மெருகேற்றிய அனுபவங்கள்

சுக்கான்:

பழைய ஃபைபர் படகோடு மல்லுக்கட்டியவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். பதினேழு அடிப் படகு, வெளிப்புறம் கருநீலம், எஞ்சினில் குறை இல்லை, டிரெய்லரும் உறுதி. நான் பார்க்கப் போன நேரத்தில் விற்பவர் தண்ணீர்க் குழாயும் கையுமாக நின்று கழுவிக்கொண்டிருந்தார். "அழுக்கோடு காட்ட மனம் வரவில்லை" என்றார். நீலம் என்றால் அப்படி ஒரு நீலம்! பேச்சு முன்பணம் வரைக்கும் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து அவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. வீட்டுக்குள் போனார்.

நல்ல வெயில். நான் சும்மா படகைச் சுற்றிக்கொண்டிருந்தேன். என் கண்ணெதிரிலேயே நீலம் பின்வாங்கத் தொடங்கியது. முதலில் மேல் விளிம்பு, பிறகு முன்பகுதியான அணியம், அப்புறம் பக்கவாட்டு. தண்ணீர் காயக் காய அந்த இடமெல்லாம் சாம்பல் பூத்த வெளிறல். விரலால் ஓர் இழுப்பு இழுத்தேன்; விரல்நுனி முழுக்க வெள்ளை மாவு. பின்பகுதியான அமரத்தின் மூலையில் மட்டும் ஒரு கை அகலத்துக்கு நீலம் மிச்சமிருந்தபோது அவர் திரும்பி வந்தார். படகைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் குழாயை மறுபடியும் திறந்துவிட்டார்.

படகை வாங்கிவிட்டேன், விலையைக் குறைத்துத்தான். தேய்த்துப் பளபளப்பாக்கியும் ஆயிற்று, அதில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மனிதர் என்னை ஏமாற்றப் பார்த்தாரா, அல்லது தன் படகு இன்னும் நீலமாகத்தான் இருக்கிறது என்று தானே நம்பிக்கொண்டிருந்தாரா என்பது மட்டும் பிடிபடவில்லை. உங்களுக்கு இப்படி மனத்தில் ஒட்டிக்கொண்ட அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.


நங்கூரம்:

இதில் பிடிபடாமல் போக என்ன இருக்கிறது? ஏமாற்றுத்தான். ஆனால் சுக்கான், அவர் தன்னையறியாமல் உங்களுக்கு நல்லதையே செய்திருக்கிறார். நனைத்தால் நிறம் திரும்பும் படகு பிழைக்கும் படகு. வெயிலின் புற ஊதாக் கதிர், ஜெல்கோட் என்னும் நிறம் கலந்த வெளிப்பூச்சின் மேல்பரப்பில் இருக்கும் ரெசினைத்தான், அதாவது பிசினைத்தான், முதலில் சிதைக்கிறது. பரப்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழுகின்றன, பட்ட வெளிச்சம் நாலாபுறமும் சிதறுகிறது, அதனால்தான் வெளிறித் தெரிகிறது. தண்ணீர் அந்தக் குழிகளை நிரப்பும்போது சிதறல் குறைந்து அடியில் இருக்கும் நிறம் தெரிகிறது. நனைத்தும் நிறம் வரவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

என் கதை இரண்டு வரிதான். முதன்முதலில் என் சிவப்புப் படகில் மெருகேற்றும் பஃபிங் மெஷினை வைத்தபோது வெள்ளைக் கம்பளிப் பேட் ரத்தச் சிவப்பாகிவிட்டது. உடன் நின்ற தம்பி "அண்ணா, சாயம் போகிறது, நிறுத்துங்கள்!" என்று அலறி பிளக்கைப் பிடுங்கிவிட்டான். போனது செத்த தோல்தான் என்று அவனுக்குப் புரியவைப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன், புதிதாக இறங்குபவர்கள் தலைகீழாகத்தான் தொடங்குகிறார்கள். மங்கிய பரப்பின்மேல் முதல் வேலையாக மெழுகு பூசாதீர்கள். மாவின்மேல் மெழுகு நிற்காது, சில வாரங்களில் பழைய கோலம். முதலில் சோப்புத் தண்ணீர். பிறகு பழைய மெழுகை எடுக்க மெழுகு நீக்கும் திரவத்தில் நனைத்த துணி. துணியைத் திருப்பித் திருப்பித் துடைக்க வேண்டும், ஒரே பக்கத்தால் துடைத்தால் மெழுகை இடம் மாற்றுகிறீர்கள், அவ்வளவுதான். நீர்மட்டக் கோட்டில் பழுப்புக் கறை இருந்தால் அதைத் தேய்த்து உயிரை விட வேண்டாம், ஆக்ஸாலிக் அமிலம் கலந்த கிளீனர் தானாகவே எடுத்துவிடும். கையுறை கட்டாயம்.

அடுத்து, அமரத்தில் யார் கண்ணும் படாத ஒரு மூலையில், தேய்த்து மெருகேற்றும் பசையான ரப்பிங் காம்பவுண்டை மட்டும் போட்டுப் பாருங்கள். பளபளப்பு வந்துவிட்டால் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளான வாட்டர் பேப்பரைத் தொடவே வேண்டாம். வராவிட்டால் 1000ஆம் எண் தாள்; எண் குறையக் குறையச் சொரசொரப்பு கூடும். அதற்கும் மசியாவிட்டால் 800, ரொம்பவும் பாழாகியிருந்தால் 600. எந்த எண்ணில் தொடங்கினாலும் அங்கிருந்து 1000, 1500 என்று படிப்படியாக ஏறி வர வேண்டும். தேய்க்கும் முன் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோடு மறைந்ததும் கையை எடுங்கள். மெஷின் நிமிடத்துக்கு 1200 முதல் 1800 சுற்று போதும். நிழலில் வேலை செய்யுங்கள், வெயிலில் காம்பவுண்ட் போட்டவுடன் காய்ந்து இறுகிவிடும். இரண்டடிக்கு இரண்டடி சதுரம் முடித்த பிறகு அடுத்த சதுரம். அதற்குப் பின் பாலீஷ், கடைசியில்தான் மெழுகு. தண்ணீரும் மின்சார மெஷினும் ஒரே இடத்தில் இருப்பதால் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் இல்லாமல் தொடங்கவே கூடாது.


உப்புக்காற்று:

நங்கூரம் சார், 600 என்று எவ்வளவு சாதாரணமாக எழுதிவிட்டீர்கள்! ஜெல்கோட் புதிதாக இருக்கும்போதே ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். பழைய படகில் உங்களுக்கு முன் எத்தனை பேர் தேய்த்துத் தீர்த்திருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்?

என் படகை ஒரு பாலீஷ் ஆளிடம் ஒப்படைத்திருந்தேன். கைவேலை சுத்தம், பேச்சும் மரியாதை. பக்கவாட்டு கண்ணாடியாக வந்துவிட்டது. அடிப்பகுதியும் பக்கமும் சேரும் மடிப்பு இருக்கிறதே, அங்கே மெஷினைச் சாய்த்துப் பிடித்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளைக்கு நடுவில் உள்ளங்கை அளவுக்குப் பழுப்பும் பச்சையுமாக ஓர் இடம் தெரிந்தது. உற்றுப் பார்த்தால் கண்ணாடி இழையின் நெசவு. அவர் மெஷினை நிறுத்தி, துணியால் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். "பிடிவாதமான கறை சார்" என்று சொல்லிக்கொண்டே இன்னும் கொஞ்சம் காம்பவுண்டைப் பிழிந்தார். எனக்குக் குரலே எழும்பவில்லை. அவர் தேய்த்துக்கொண்டிருந்தது கறையை அல்ல, படகின் எலும்பை.

மடிப்பிலும் விளிம்பிலும் ஜெல்கோட் மெலிந்துதான் இருக்கும். மெஷினின் அழுத்தம் முழுவதும் விழுவதும் அங்கேதான். டேப் ஒட்டிவிட்டுக் கையால் தேய்க்க வேண்டிய இடம் அது. இதைச் சொல்லாமல் 600, 800 என்று எண்களை அடுக்குவது ஆபத்து.


நங்கூரம்:

மெஷினைச் சாய்த்த கையைக் கேளுங்கள், தாளின் எண்ணை ஏன் கேட்கிறீர்கள்? நான் "ரொம்பவும் பாழாகியிருந்தால்" என்று எழுதியதையும் சேர்த்துப் படிக்கவும்.


கடைசிப்படி:

சண்டைக்கு நடுவில் மன்னிக்கவும். இது என் மாமனார் விஷயம்.

நாங்கள் ஊரில் இல்லாத நேரத்தில் எங்களை ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று படகு முழுவதையும் தன் கையாலேயே மெருகேற்றியிருந்தார். அந்த வயதில் அப்படி ஒரு வேலையை நான் செய்யமாட்டேன். வெளிப்புறம் அருமை. அதோடு விட்டிருக்கலாம். நடக்கும் தளத்தில் கால் வழுக்காமலிருக்க வார்த்திருக்கும் சொரசொரப்புக்கும் மெழுகு போட்டு, பிரஷால் மூலை மூலையாகத் தேய்த்துப் பளபளக்கவைத்திருந்தார். நாங்கள் துறையில் நின்றுகொண்டிருக்கிறோம். "பாருங்கள், முகம் தெரிகிறது!" என்று சொல்லிக்கொண்டே ஒரு காலை உள்ளே வைத்தார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அடுத்த கணம் படகின் மறுபக்கத் தண்ணீரிலிருந்து தலை எட்டிப் பார்த்தது, மூக்குக்கண்ணாடி மட்டும் அப்படியே இருந்தது. என் மனைவி சிரித்ததற்காக அவர் பல வாரங்கள் எங்களோடு பேசவில்லை. எனக்கு அவர் விழுந்தது மறந்துவிட்டது, அந்தக் கோபம்தான் மறக்கவில்லை. இன்றும் படகைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறார்.

தளத்துக்கு மெழுகு வேண்டாம். சோப்பும் பிரஷும் போதும், இல்லாவிட்டால் வழுக்காத தளத்துக்கென்றே வரும் பூச்சு இருக்கிறது.


வெள்ளலை:

எதற்கு இவ்வளவு தேய்ப்பு? தரைக்குப் போடுவதுபோல் ஓர் அக்ரிலிக் திரவம் வருகிறது. கழுவிவிட்டு ஐந்தாறு கோட் துடைத்துவிட்டால் புதுப்படகு. நான் அதைத்தான் செய்கிறேன்.


உப்புக்காற்று:

வெள்ளலை, அது மஞ்சளாகி உரிய ஆரம்பிக்கும்போது மறுபடியும் இங்கே வந்து எழுதுங்கள். அதை உரித்தெடுக்கத் தனித் திரவம் வாங்கி, நாங்கள் தேய்த்ததைவிட அதிகம் தேய்ப்பீர்கள்.


பாய்மரப்பித்தன்:

எல்லாரும் தேய்ப்பதைப் பற்றியே எழுதுகிறீர்கள். தேய்க்க ஒன்றும் மிச்சமில்லாத படகை என்ன செய்வது? என்னுடையது அப்படித்தான், நனைத்தாலும் வெளிறியே இருந்தது. பெயிண்ட் அடிப்பதென்று முடிவெடுத்தேன்.

எல்லாம் முறைப்படி. உப்புத்தாள் போட்டு, தூசி துடைத்து, பிரைமர் அடித்து, அதற்கு மேல் ரோலரால் முதல் கோட். ரோலர் போன பாதையில் ஈரமான பெயிண்ட் ஒரே சீராகப் படிந்தது. மூச்சை இழுத்து விட்டேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு புள்ளி வட்டமாகத் திறந்தது. பெயிண்ட் நாலாபுறமும் விலகி, நடுவில் பிரைமர் தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் ஒரு கூட்டமே. அந்தப் பக்கம் முழுவதும் மீன்கண்கள் முளைத்து என்னையே பார்த்தன. பழைய உரிமையாளர் சிலிக்கான் கலந்த பாலீஷைக் காலங்காலமாகப் போட்டு வந்திருக்கிறார். சிலிக்கானை முதலில் கரைத்து எடுக்காமல் உப்புத்தாள் போட்டால் தாள் அதைப் பரப்பு முழுக்க ஏற்றிவிடுகிறது. ஆகையால் நங்கூரம் சொன்ன துடைப்பு பாலீஷுக்கு மட்டுமல்ல, பெயிண்டுக்கும்தான், அதுவும் உப்புத்தாளுக்கு முன்னால்.

இன்னொன்று. இரண்டு டப்பா கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பெயிண்டின் ஹார்டனரில், அதாவது அதை இறுகவைக்கும் திரவத்தில், ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. ஒருமுறை அதற்கு நுரையீரல் ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு சிறிதளவு பட்டாலும் ஆஸ்துமா வரும். ஸ்பிரே செய்வதென்றால் வெளிக்காற்று தரும் முகமூடியோடு வேலை செய்யும் ஆளிடம் விடுங்கள். வீட்டில் செய்பவர்களுக்கு ரோலரால் உருட்டி, அது காயும் முன் நல்ல பிரஷின் நுனியால் இழுத்துவிடும் முறை போதும், அப்போதும் சரியான முகமூடியும் காற்றோட்டமும் வேண்டும். புதிய ஜெல்கோட்டே அடிக்கிறேன் என்பவர்கள் கடைசிக் கோட்டில் மெழுகுக் கரைசல் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றுப் பட்டு ஜெல்கோட்டின் மேல்பரப்பு பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். அதன் ஹார்டனர் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம், பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் டப்பாவைத் திறக்காதீர்கள்.


அரைத்துடுப்பு:

நான் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் பச்சைப் படகின் அமரத்தில் ஸ்டிக்கர் எழுத்தில் ஒரு பெயர் ஒட்டியிருந்தது. பிடிக்கவில்லை. ஹேர் டிரையரால் சூடாக்கி உரித்துவிட்டேன். அடியில் அதே எழுத்துகள் கரும்பச்சையில் இருந்தன. வெயில் படாத இடம் அல்லவா. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். காம்பவுண்ட் போட்டேன். அந்தப் பெயர் மங்க மங்க, அதற்கும் கீழே இன்னொரு பெயர் எழுந்து வந்தது. பெரிய எழுத்து, வேறு வடிவம். அதை ஒட்டியவர், உரித்தவர் யார் என்று எனக்கு விற்றவருக்கே தெரியாது.

மறுநாள் நான் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் நடந்து போனார். நின்றார். அந்தக் கீழ்ப்பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார். "இது மூழ்கிய படகு அல்லவா?" என்றார். நான் மெஷினை நிறுத்தி, "என்ன சொன்னீர்கள் ஐயா?" என்றேன். "ஒரு மழைக்காலம் முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்தது. தூக்கும்போது நான் கரையில் நின்றேன். இதே பெயர், இதே பச்சை" என்றார். ஆட்களுக்கு ஏதாவது ஆயிற்றா என்று கேட்பதற்குள் அவரைக் கூப்பிட்டுக்கொண்டு யாரோ வந்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து அந்த எழுத்துகளைத் தேய்க்கவும் கை வரவில்லை, விடவும் மனம் வரவில்லை. நேராகப் பார்த்தால் தெரியாது. சாய்ந்த வெயிலில் இரண்டு பெயரும் தெரிகின்றன.


நங்கூரம்:

அரைத்துடுப்பு, எழுத்தை விடுங்கள். மூழ்கிய படகு என்றால் பார்க்க வேண்டியது வேறு. தளத்துக்கு அடியில் மிதப்புக்காக நுரை நிரப்பியிருப்பார்கள். நீண்டநாள் தண்ணீரில் கிடந்தால் அது குடித்த தண்ணீர் லேசில் வெளியே வராது. அமரத்துக்குள் மரப்பலகை இருந்தால் அதுவும் உளுத்திருக்கும். சுத்தியலின் பிளாஸ்டிக் முனையால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்லது, தொப்பென்றால் மரம் போய்விட்டது. டிரெய்லரோடு எடைமேடையில் ஏற்றி, பிறகு வெறும் டிரெய்லரை ஏற்றிக் கழித்துப் பாருங்கள்.


உப்புக்காற்று:

இதில் நங்கூரம் சொல்வது சரி. எழுதிவைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி இப்படிச் சொல்லமாட்டேன்.


சுக்கான்:

மூழ்கியதை எழுத்தில் கொடுக்காமல் விற்றாரா உங்களுக்கு விற்றவர்? அவரிடம் போய்க் கேட்டீர்களா?


அரைத்துடுப்பு:

கேட்டேன். அவர் வாங்கும்போதே மேலே அந்த ஸ்டிக்கர் இருந்ததாம், அடியில் என்ன இருந்தது என்று பார்த்ததே இல்லையாம். முகத்தைப் பார்த்தால் பொய் சொல்வதாகத் தெரியவில்லை. எடையும் போட்டுப் பார்த்தேன். தயாரிப்பாளர் தகட்டில் இருக்கும் எடையைவிடக் கூடுதல்தான், ஆனால் அதில் எஞ்சினும் பேட்டரியும் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று தெரியவில்லை. தட்டியதில் அமரத்தின் இடப்பக்கம் சத்தம் மந்தமாக இருக்கிறது. தளத்தில் ஒரு துளை போட்டு நுரையை எடுத்துப் பிழிந்து பார்ப்பதாக இருக்கிறேன். மிச்சமுள்ள காம்பவுண்டை மூடி போட்டு வைத்துவிட்டேன்.