ஐநூறு ரூபா பொண்ணு

குழு: குடவாசல் குடும்பம்
சனிக்கிழமை

ராஜேந்திரன் சித்தப்பா, காலை 6.40
🙏🙏 காலை வணக்கம்

ராஜேந்திரன் சித்தப்பா, 6.52
கயலு ஸ்டேட்டஸ் பாத்தேன். எவர் வீட்டுத் திண்ணையிலயோ கிழவிங்களோட உக்காந்திருக்கே. காலேஜுக்குப் போறியா இல்லியா?

கயல், 7.05
அதுதான் சித்தப்பா காலேஜே 😀 ஃபீல்டு வொர்க். வாரத்துல ரெண்டு நாள் கிளாஸ் கிடையாது, ஊருக்குள்ள போகணும். எனக்கு லால்குடி பக்கம் ஒரு ஊரு.

ராஜேந்திரன் சித்தப்பா, 7.09
ஊர் சுத்துறதுக்கு ஃபீஸ் வேற. சமூக சேவைக்கு எதுக்கும்மா எம்.எஸ்.டபிள்யூன்னு ஒரு மேல்படிப்பு? நல்ல மனசு இருந்தா போதாதா? நாங்கல்லாம் பண்ணலியா?

வசந்தா அத்தை, 7.11
டேய் ராஜா. சுனாமிக்கு லாரி ஏத்திட்டுப் போனியே, அதச் சொல்லவா?

ராஜேந்திரன் சித்தப்பா, 7.11
அக்கா வேணாம்

வசந்தா அத்தை, 7.18
சின்னப் புள்ளங்களுக்குத் தெரியட்டும். 2004, டிசம்பர் 26, ஞாயித்துக்கிழமை. ரெண்டு நாள்ல உங்க சித்தப்பன் தெருவெல்லாம் பழைய துணி வசூல் பண்ணி லாரி நெறைய ஏத்திட்டுப் போனான். நானும் போனேன். நாகப்பட்டினத்துல ரோட்டோரம் பாத்தா துணி மலை மலையா கெடக்கு. ஒருத்தர் தொடல. பித்தான் இல்லாத சட்ட, கிழிஞ்ச சேல. கடல் வீட்ட அள்ளிட்டுப் போச்சுன்னா மானத்தயுமா அள்ளிட்டுப் போச்சு? அங்க ஒரு பொண்ணு என்னத் தனியாக் கூப்புட்டு, உள்பாவாட இருக்கா, துணி நாப்கின் ஏதும் இருக்கான்னு காதுக்குள்ள கேட்டுச்சு. இல்ல. என்னத் தவிர லாரியில வந்ததெல்லாம் ஆம்பளைங்க, அவங்ககிட்ட எப்டிக் கேப்பா?

ராஜேந்திரன் சித்தப்பா, 7.20
புளிசாதமும் கொண்டுபோனோம்ல

வசந்தா அத்தை, 7.20
புளிசாதம் நல்லாருந்துச்சு. ஒத்துக்கிறேன்.

அருண் அண்ணன், 7.24
😂😂

வசந்தா அத்தை, 7.27
கஜா புயல் அடிச்சப்பவும் அதே கததான். 2018 நவம்பர்ல. தார்ப்பாய் லாரியெல்லாம் மெயின் ரோட்டு ஊர்லயே நின்னுரும். உள்ள இருக்குற காலனிக்கு வந்து சேரல. எங்க குழுப் பொண்ணுங்க நடந்து போயி எந்த வீட்டுல கூரை இல்லன்னு நோட்டுல எழுதிட்டு வந்தோம். அப்பறந்தான் சரியாப் போச்சு.

கயல், 7.30
அத்தை நீங்க படிக்காமயே சர்வே பண்ணிருக்கீங்க. போன செமஸ்டர் முழுக்க எங்களுக்கு இதத்தான் சுத்திச் சுத்திச் சொன்னாங்க. குடுக்கறதுக்கு முன்னாடி கேளு, கேட்டத எழுதுன்னு.

மணி மாமா (சிங்கப்பூர்), 7.41
இது புதுசா வந்த கோர்ஸா கயல்? நம்ம காலத்துல கேள்விப்பட்டதே இல்லயே.

கயல், 7.45
புதுசு இல்ல மாமா. பம்பாயில 1936-லயே ஆரம்பிச்சிருக்காங்க. இப்ப டிஸ்னு சொல்றோமே, டாடா இன்ஸ்டிட்யூட், அது. சென்னையில 1952. மேரி கிளப்வாலா ஜாதவ் ஆரம்பிச்ச மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க்.

மணி மாமா (சிங்கப்பூர்), 7.49
இங்க பேட்டைக்குப் பேட்டை குடும்பச் சேவை நிலையம் இருக்கு. சோஷியல் வொர்க்கர்னா ஒரு மரியாத உண்டு. ஆனா ஒண்ணு கேக்குறேன், கோச்சிக்காத. வெண்மணியில கூலி ஜனங்கள குடிசையோட எரிச்சாங்களே, அதுக்கு அப்பறம் நம்ம பக்கம் வந்து நிலம் வாங்கிக் குடுத்தாங்களே கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மா, அவங்க என்ன எம்.எஸ்.டபிள்யூவா?

கயல், 7.56
நல்ல கேள்வி மாமா. வெண்மணி 1968. நிலமில்லாதவங்களுக்கு நிலம் வாங்கிக் குடுக்க லாஃப்டின்னு அவங்க அமைப்பு ஆரம்பிச்சது 1981. நடுவுல பதிமூணு வருஷம் இருக்கு. அந்த ஜனங்களோடயே கெடந்து கத்துக்கிட்டாங்க. எனக்குக் கையில ரெண்டே வருஷம்தான் இருக்கு, அதான் ஃபீஸ் கட்டிக் கத்துக்கிறேன் 🙂

மணி மாமா (சிங்கப்பூர்), 7.57
👏 வாயி மட்டும் அப்டியே எங்க அக்கா

அம்மா, 8.02
வாயிக்கென்ன கொறச்சல். பி.ஏ. வரைக்கும் புதுமைப் பெண் ஆயிரம் ரூபா வந்துச்சு, மேல்படிப்புக்கு அதுவும் இல்ல. இதுல இவ ஊராருக்கு ஐநூறு குடுத்துட்டு வந்தா. அதச் சொல்லுடி எல்லாருக்கும்.

கயல், 8.03
அம்மாஆஆ

ராஜேந்திரன் சித்தப்பா, 8.04
என்ன ஐநூறு?

அருண் அண்ணன், 8.04
சொல்லு சொல்லு

கயல், 8.20
சரி. அந்த ஊர்ல ஒரு பாட்டி. எழுபது வயசு தாண்டுனவங்க, தனிக்கட்டை. முதியோர் பென்ஷன் உண்டு. 2023 ஆகஸ்ட்ல ஆயிரத்துலேர்ந்து 1,200 ஆச்சே, அது. மாசா மாசம் பேங்க்லேர்ந்து ஒருத்தர் கைமிஷினோட ஊருக்கு வருவார். வேப்பமரத்தடியில உக்காந்து, ரேகை வச்சா பணம். பாட்டிக்கு மூணு மாசமா ரேகை விழல.

நான் போன அன்னிக்குப் பக்கத்துலயே இருந்து பாத்தேன். வலது கட்டைவிரல வச்சாங்க, செவப்பு லைட்டு. முந்தானையில தொடச்சு வச்சாங்க, செவப்பு. தலைமுடியில தேய்ச்சா எண்ணெப் பசைக்குப் பிடிக்குமாம், பக்கத்துல ஒரு அம்மா சொன்னாங்க. தேய்ச்சு வச்சாங்க. பத்து விரலும் ஆச்சு. அந்தக் கையப் புடிச்சுப் பாத்தேன் சித்தப்பா. விரல் நுனி வழவழன்னு கூழாங்கல்லு மாதிரி இருக்கு, கோடே இல்ல. அம்பது வருஷமா நாத்துப் பறிச்ச கை, நட்ட கை. சேறும் தண்ணியும் அரிச்சே தேஞ்சு போச்சு.

"அடுத்த மாசம் பாப்போம் பாட்டி"ன்னுட்டு அவர் பெட்டியக் கட்டிட்டாரு. அவர் மேலயும் தப்பில்ல. எனக்குத்தான் தாங்கல. பர்ஸ்ல இருந்த ஐநூற எடுத்துக் கையில வச்சு அமுக்கிட்டு வந்துட்டேன்.

ராஜேந்திரன் சித்தப்பா, 8.22
நல்ல காரியம்தானே. இதுல என்ன?

கயல், 8.31
அடுத்த வாரம் பஸ்ஸவிட்டு எறங்குறேன், வேப்பமரத்தடியில ஆறு பேரு உக்காந்திருக்காங்க. ஒரு சின்னப்பையன் தெருவுக்குள்ள ஓடுறான், "ஐநூறு ரூபா அக்கா வந்துருச்சு"ன்னு கத்திக்கிட்டு. அந்த ஊர்ல இன்னிக்கு வரைக்கும் எனக்கு அதான் பேரு. ஐநூறு ரூபா பொண்ணு.

அந்தப் பாட்டி மட்டும் வெளிலயே வரல. கடன் வாங்குன மாதிரி ஆயிருச்சு அவங்களுக்கு. அதுக்கு முன்னாடி என்னப் பாத்தா "வா தாயி"ன்னு திண்ணையத் தட்டிக் காட்டுவாங்க.

அருண் அண்ணன், 8.33
ஐயோ. உங்க காலேஜ் மேடம் என்ன சொன்னாங்க?

கயல், 8.40
ஒவ்வொரு வாரமும் ரிப்போர்ட் எழுதணும். "பாட்டியின் நிலை மிகவும் பாவமாக இருந்தது"ன்னு எழுதிருந்தேன். பாவம்ங்கறதச் செவப்பு மையில அடிச்சுட்டு ஓரத்துல எழுதுனாங்க: 'இது உன்னைப் பத்தின தகவல். பாட்டியைப் பத்தி எங்கே?' அப்பறம் கூப்புட்டுக் கேட்டாங்க. பாஸ்புக் பாத்தியா? கடைசியா எந்த மாசம் வந்துச்சு? பேங்க் கிளை எவ்ளோ தூரம்? இதே மாதிரி ரேகை விழாதவங்க ஊர்ல எத்தன பேரு? ஒண்ணுக்கும் பதில் தெரியல.

கயல், 8.42
திட்டு வாங்குனதுல அழுதேன், அதையும் சொல்லிடறேன். பாத்ரூம்ல.

அம்மா, 8.43
எங்கிட்ட இதச் சொல்லவே இல்லயே

வசந்தா அத்தை, 8.47
அப்பறம் என்ன பண்ணுன கண்ணு?

கயல், 8.58
ஐநூறுக்காக உக்காந்திருந்தாங்களே, அவங்கள வச்சே ஆரம்பிச்சேன் அத்தை. பணம் இல்லன்னதும் ரெண்டு பேரு எழுந்து போயிட்டாங்க, நாலு பேரு இருந்தாங்க. வீடு வீடா அவங்களே விசாரிச்சதுல மொத்தம் பதினோரு பேரு. எல்லாரும் நடவு, அறுப்புக்குப் போனவங்க. இதுக்குத்தான் குரூப் வொர்க்னு ஒரு பேப்பரே இருக்கு. தனி ஆளோட வேல பாத்தா கேஸ் வொர்க்.

பாஸ்புக்க எடுத்துட்டு நேராக் கிளைக்குப் போனா, ஆபீசர் முன்னாடி மையில பெருவிரல் வச்சுப் பணம் எடுக்கலாம்னு எங்க யாருக்கும் தெரியல. ஒரே பஸ்ல போயிட்டு வந்தாங்க. பாட்டிக்கு மூணு மாசப் பணமும் சேந்து வந்துச்சு. ஆனா மாசா மாசம் ஏழு கிலோமீட்டர் போயி வரணும், மூட்டு வலி வேற. அதனால மாசம் ஒரு நாள் கருவிழி பாக்குற மிஷினோட ஊருக்கே வாங்கன்னு திங்கக்கிழம கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்தாங்க. எழுதுனது மட்டும் நான். பேசுனது அந்தப் பாட்டி. பதில் இன்னும் வரல. நாலு வாரம் ஆச்சு.

வசந்தா அத்தை, 9.00
அந்த ஐநூறு?

கயல், 9.01
திருப்பிக் குடுத்துட்டாங்க. வேணாம்னேன். "வாங்கிக்க தாயி, அப்பத்தான் நீ எங்கூட்டுத் திண்ணையில உக்கார முடியும்"னாங்க. வாங்கிக்கிட்டேன்.

அருண் அண்ணன், 9.10
எல்லாம் சரி, ரெண்டாம் வருஷம் எச்.ஆர். எடுத்துரு. எங்க ஒரகடம் கம்பெனியில எச்.ஆர்.ல பாதிப்பேர் எம்.எஸ்.டபிள்யூதான். ஐநூறு பேர் வேல பாக்குற ஆலைன்னா நல அலுவலர் வைக்கணும்னு 1948 தொழிற்சாலைச் சட்டத்துலயே போட்டிருந்தாங்க. அந்த வேலைக்கே உள்ள படிப்பு இது.

ராஜேந்திரன் சித்தப்பா, 9.12
இதக் கேளு கயலு. ஏசி ரூம்.

கயல், 9.19
யோசிச்சுட்டுத்தான் இருக்கேன். எச்.ஆர்., மெடிக்கல் அண்டு சைக்கியாட்ரி, கம்யூனிட்டி டெவலப்மென்ட், மூணுல ஒண்ணு. மறைக்க மாட்டேன் சித்தப்பா, கம்யூனிட்டி எடுத்தா காசு கம்மி. குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குழந்தைகளுக்கான 1098 உதவி எண், வன்முறைக்கு ஆளான பொண்ணுங்களுக்கு உதவுற ஒன் ஸ்டாப் சென்டர்னு வேல இருக்கு. ஆனா நிறைய எடத்துல தொகுப்பூதியம்தான், ஒப்பந்தத்தப் புதுப்பிச்சுக்கிட்டே இருக்கணும். எங்க சீனியர் அக்கா ஒருத்தங்க சம்பளம் கேட்டா நீங்க மயங்கி விழுந்துருவீங்க.

அம்மா, 9.20
நான் விழுந்து எழுந்துட்டேன்

மணி மாமா (சிங்கப்பூர்), 9.21
😂

ராஜேந்திரன் சித்தப்பா, 10.35
இங்க டிபிசியில, நெல் கொள்முதல் நிலையத்துல, மூணாவது நாளா மூட்டையோட கெடக்கேன். நெல்லுல ஈரம் பதினேழு சதவீதத்துக்கு மேல இருக்காம், காயவைக்கச் சொல்றான். பனி பெய்யுற மாசத்துல எங்கேர்ந்து காயும்.

ராஜேந்திரன் சித்தப்பா, 10.38
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ராஜேந்திரன் சித்தப்பா, 10.44
கயலு ஒண்ணு கேக்கணும். நம்ம வயல்ல வேல பாத்துச்சே அஞ்சலை, இங்கதான் களத்துல நெல்லு கூட்டிக்கிட்டிருக்கு. அதுக்கும் ஆறு மாசமா ரேகை விழலியாம். நான் அப்பப்ப எரநூறு குடுப்பேன். நீ சொன்னதப் படிச்சப்பறந்தான் கேட்டேன். ஆறு மாசம்னு இன்னிக்குத்தான் தெரியும் எனக்கு.

கயல், 10.46
அவங்க பாஸ்புக் எங்க இருக்கு சித்தப்பா? அவங்களுக்கு இஷ்டம்னா பேசுறேன். நீங்க கேட்டுச் சொல்ல வேணாம், போனை அவங்ககிட்டயே குடுங்க.

ராஜேந்திரன் சித்தப்பா, 10.49
பேசுறேங்குது. ஸ்பீக்கர் போட்டுத் தரேன், அதுக்குப் போன் புடிக்கத் தெரியாது.

கயல், 10.49
ஸ்பீக்கர் வேணாம். காதுல வச்சுக் குடுத்துட்டு நீங்க கொஞ்சம் தள்ளிப் போயிருங்க.

ராஜேந்திரன் சித்தப்பா, 10.50
நானா? எதுக்கு? எவ்ளோ தூரம்?

கயல், 10.50
அவங்க பேசுறது உங்களுக்குக் கேக்காத தூரம்.

ராஜேந்திரன் சித்தப்பா, 10.52
சரி. மூட்டைக்கு அந்தாண்ட போயிக்கிறேன். கூப்புடு.