முதல் ட்ராப் துப்பாக்கி: துருக்கியா, இத்தாலியா?

திருநகர் தம்பி:
ஒரு வருடமாக கிளப் துப்பாக்கியில்தான் ட்ராப் (வீசப்படும் களிமண் தட்டுகளைச் சுடும் போட்டி) சுடுகிறேன். இப்போது சொந்த உரிமம் வந்துவிட்டது. மதுரையிலிருந்து புதுக்கோட்டைப் பக்கம் போய்ச் சுடுவதால் மாதம் இரண்டு ஞாயிறுதான் அமைகிறது, நாளுக்கு 100 தோட்டா. புதிய துருக்கி ஓவர்-அண்டர் (மேலும் கீழுமாக இரட்டைக் குழல்) இப்போதே கைக்கு எட்டும். இத்தாலியின் பெரெட்டா என்றால் இன்னும் இரண்டு வருடம் சேர்க்க வேண்டும். அண்ணன்மார் ஒரு வழி சொல்லுங்கள்.

மேலூர்க்காரன்:
துருக்கியையே வாங்கு தம்பி. தட்டு எல்லோருக்கும் அதே 110 மில்லிமீட்டர். போட்டித் தோட்டாவில் ஈயம் 24 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்பதும் எல்லோருக்கும் பொது. குழலை விட்டுப் போன குண்டுக்குத் துப்பாக்கியின் விலை தெரியாது. மிச்சமாகிற பணத்தைத் தோட்டாவில் போடு. இரண்டு வருடம் காத்திருந்தால் இன்னும் இரண்டு வருடம் இரவல் துப்பாக்கி, அவ்வளவுதான்.

வைகை வடகரை:
மேலூர் அண்ணே, குண்டு பற்றிச் சொன்னது சரி. ஆனால் தம்பி சுடப்போவது வருடத்துக்கு 2,400 தோட்டா. ஒலிம்பிக் ட்ராப் வரிசையைப் பாருங்கள், பெரசி, பெரெட்டா, க்ரீகாஃப் கம்பெனித் துப்பாக்கிகள். பெரசி எம்எக்ஸ்8-இல் விசைப் பகுதியையே கையால் கழற்றி வேறொன்றை மாட்டலாம். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்குக்காக வந்த வடிவம், இன்றும் விற்கிறது. போட்டி நடுவே ஸ்பிரிங் உடைந்தால் என்ன செய்வது என்று யோசித்துச் செய்த பொருள் அது.

மேலூர்க்காரன்:
பாரிஸ் ஒலிம்பிக்கில் ட்ராப் சுட்ட புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமானுக்கு அது தேவை. அவர் சுடுகிற அளவு வேறு. மாதம் 200 சுடுகிறவனுக்கு எதற்கு? என்னிடம் இருப்பதும் விலை குறைந்ததுதான். நான்காம் வருடம் உள்ளே இருக்கும் சுத்தியலின் ஸ்பிரிங் ஒன்று போனது, மாற்றினேன், இன்னும் ஓடுகிறது.

வைகை வடகரை:
அந்த ஸ்பிரிங் வர எத்தனை நாள் ஆனது என்பதையும் சொல்லுங்கள்.

மேலூர்க்காரன்:
மூன்று மாதம். ஒரு மாநிலப் போட்டி போனது. அது வலித்தது, மறுக்கவில்லை.

வைகை வடகரை:
அதற்காகத்தான் கேட்டேன் அண்ணே. இன்னொன்று, "இப்போது மலிவாக வாங்கு, அப்புறம் மாற்றிக்கொள்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். நம் நாட்டில் துப்பாக்கி மாற்றுவது பைக் மாற்றுவது போல இல்லை. இன்னொருவருக்கு விற்க வேண்டுமென்றால் எழுத்தில் தெரிவித்து 45 நாள் காத்திருக்க வேண்டும். வாங்குகிறவருக்கு உரிமம் வேண்டும், இருவர் பதிவும் சரியாக வேண்டும். மலிவுத் துப்பாக்கிக்கு அப்படி ஓர் ஆளைத் தேடுவது பெரும்பாடு. ஆகவே ஒரே முறை வாங்கு என்கிறேன். புதிதுதான் வேண்டும் என்றில்லை, நன்றாக வைத்திருந்த பழைய பெரெட்டா 680 வகை போதும். அதில் குழல் திரும்பும் அச்சாணி தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம்.

சோழவந்தான் அக்கா:
இரண்டு பேரும் இரும்பைப் பற்றியே பேசுகிறீர்கள். தம்பி, உன் கன்னம் கட்டையில் (தோளில் வைக்கும் பின்பகுதி) எங்கே உட்காருகிறது? ஷாட்கன்னில் குறி பார்க்கும் பின்பக்க சைட் கிடையாது, உன் கண்தான் பின்பக்க சைட். கன்னம் ஒரு விரற்கடை இறங்கினால் குண்டு முழுக்க தட்டுக்குக் கீழே போகும். ட்ராப்பில் தட்டு ஏறிக்கொண்டே போவதால் துப்பாக்கி சற்று மேலே சுட வேண்டும், அதற்காகத்தான் ட்ராப் கட்டை உயரமாக இருக்கும். நான் வாங்கிய முதல் துப்பாக்கி விலை கூடியதுதான். கட்டை எனக்கு நீளம், ஒரு வருடம் தோள்பட்டை கன்றிப்போய்த் திரிந்தேன். யாரும் அளந்து பார்க்கவில்லை. கன்னப்பகுதியை ஏற்றி இறக்கும் வசதி இருந்தால் விலை அப்புறம்.

மேலூர்க்காரன்:
அக்கா சொல்வது நியாயம். அந்த வசதி இப்போது துருக்கித் துப்பாக்கியிலும் கிடைக்கிறதே.

சோழவந்தான் அக்கா:
கிடைக்கிறது. ஆனால் எடையையும் பார். வேட்டைக்கென்று செய்த 3.1 கிலோ துப்பாக்கியை ட்ராப் என்று விற்பார்கள். 3.7 கிலோவில் அதே தோட்டா உதைப்பது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறையும். முதல் 25 தோட்டாவில் தெரியாது, நான்காவது 25-இல் தெரியும். அங்கேதான் கண் மூடிக்கொண்டு விசையை இழுக்க ஆரம்பிப்போம். அந்தப் பழக்கம் வந்துவிட்டால் போக்குவது கஷ்டம்.

திருநகர் தம்பி:
அப்படியானால் பழைய துப்பாக்கியை எப்படிப் பார்ப்பது?

வைகை வடகரை:
மூடியதும் மேலே இருக்கும் திறப்பு நெம்புகோலைப் பார். வலப்பக்கமாகச் சற்று சாய்ந்து நின்றால் பூட்டு நன்றாகப் பிடிக்கிறது. நடுவைத் தாண்டி இடப்பக்கம் வந்திருந்தால் தேய்ந்துவிட்டது. பிறகு குழலுக்குக் கீழே கை பிடிக்கும் முன்கட்டையைக் கழற்றி, குழலை மூடி, லேசாக ஆட்டு. கடகடவென்றால் வேண்டாம் என்று சொல்லிவிடு. வெளிநாட்டிலிருந்து வந்த துப்பாக்கி என்றால் இறக்குமதிக் காகிதத்தையும் கேள், கூச்சப்படாதே.

மேலூர்க்காரன்:
நல்ல பழசு கிடைத்தால் நானும் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கிடைக்காமல் ஆறு மாதம் போனால் துருக்கிதான். சும்மா உட்காராதே தம்பி.

திருநகர் தம்பி:
ஆறு மாதம் தேடுகிறேன் அண்ணே. அதற்கு முன் இந்த ஞாயிறு உங்கள் துப்பாக்கியில் ஒரு 25 சுட்டுப் பார்க்க விடுவீர்களா? தோட்டா என்னுடையது. காலை ஐந்தரைக்கு மேலூர் பஸ் ஸ்டாண்டில் நில்லுங்கள், ஏற்றிக்கொள்கிறேன்.

மேலூர்க்காரன்:
ஐந்தே காலுக்கே நிற்கிறேன். அளவு நாடா எடுத்து வா, அக்கா சொன்ன கட்டை நீளத்தையும் பார்த்துவிடலாம்.