மைக் நம் பக்கம் திரும்பிய அன்று: உங்கள் அனுபவம் என்ன?

டிவியும் பத்திரிகையும் நம்மை எப்படிக் காட்டின என்று, நானே தொடங்குகிறேன். எனக்கு 61 வயது, தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வந்து இருபத்தாறு வருஷம். ஓட ஆரம்பித்ததே ஐம்பதுக்கு மேல்தான், சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று டாக்டர் மிரட்டியதால். வெளியூரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: காம்ரேட்ஸ் என்பது டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கும் நடுவே கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர் ஓட்டம். 12 மணி நேரம் முடிந்ததும் துப்பாக்கி வெடிக்கும், அதற்கப்புறம் ஒரு அடி தள்ளி நின்றாலும் பதக்கம் கிடையாது. நான் ஓடியது இறக்கப் பாதை. இறக்கம்தானே என்று நினைக்காதீர்கள், பைன்டவுனுக்கு முன்னால் ஃபீல்ட்ஸ் ஹில்லில் இறங்கும்போது தொடை இரண்டும் கல்லாகிவிட்டன. 11 மணி 40 நிமிஷத்தில் முடித்தேன். ஷூவைக் கழற்றினால் ஒரு கட்டைவிரல் நகம் சாக்ஸோடு வருகிறது.

அப்படியே புல்லில் உட்கார்ந்திருந்தபோது ஒரு டிவிக்காரப் பெண் வந்தாள். பக்கத்தில் இருந்தவருக்கும் என் வயதுதான் இருக்கும். அவரிடம், எந்த மேடு படுத்தியது, வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடினீர்கள் என்று கேட்டாள். என் பக்கம் மைக்கைத் திருப்பி, சிரித்துக்கொண்டே, "ஆன்ட்டி, இன்றைக்கு வீட்டில் யார் சமையல்?" என்றாள்.

எனக்கு அவள் மேல் இருப்பதைவிட என் மேல்தான் கோபம். வாய் தானாக, "நேற்றே பருப்பு வைத்துவிட்டுத்தான் வந்தேன்" என்றது! அப்புறம் இரண்டு நிமிஷம் பயிற்சியைப் பற்றியும் பேசினேன். ஒளிபரப்பானது பருப்பு மட்டும்தான். அடியில் 'ஓடும் கிரானி' என்று எழுத்து வேறு. எனக்குப் பேரன் பேத்தியே கிடையாது.

அந்த எரிச்சலில் இந்த ஓட்டத்தின் பழைய கதையைத் தேடிப் படித்தேன். 1923ல் ஃபிரான்சஸ் ஹேவர்ட் என்ற பெண் ஓட விண்ணப்பித்தபோது, பெண் என்பதால் மறுத்துவிட்டார்கள். அவர் சொல்லாமல் கொள்ளாமல் ஓடி, 11 மணி 35 நிமிஷத்தில் முடித்திருக்கிறார். அதிகாரபூர்வப் பதக்கம் இல்லை, பார்த்தவர்கள் பணம் சேர்த்து ஒரு வெள்ளி டீ செட் வாங்கிக் கொடுத்தார்களாம். நல்ல மனசுதான், ஆனால் டீ செட்! பெண்களும் கறுப்பினத்தவரும் முறைப்படி ஓட அனுமதி கிடைத்தது 1975ல்தான். 1988ல் வாலி ஹேவர்ட் என்ற ஆண் ஓட்டக்காரர் 79 வயதில் 9 மணி 44 நிமிஷத்தில் முடித்தார். அவரிடம் யாரும் சமையலைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டார்கள், பந்தயம் கட்டுகிறேன்.

*

டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்திலிருந்து. அக்கா, உங்களிடமாவது சிரித்துக்கொண்டு கேட்டார்கள். என் பையனுக்கு 19 வயது. வேலைக்குப் போக டாக்ஸிக்காக நின்றிருக்கிறான், கூட நாலு பையன்கள். அடுத்த வாரப் பத்திரிகையில் 'சுகர்ஸ்' போதைப்பொருளைப் பற்றி அரைப் பக்கக் கட்டுரை, மேலே இவர்கள் படம், பின்பக்கத்திலிருந்து எடுத்தது. முகம் தெரியவில்லை, சரி. ஆனால் அவன் போட்டிருந்தது கோவிலில் காவடிக்குத் தொண்டு செய்தவர்களுக்குக் கொடுத்த மஞ்சள் டி-ஷர்ட், முதுகில் வேல் படம் போட்டது. எங்கள் தெருவில் அது யாருடையது என்று தெரியாதவர் கிடையாது. போன் செய்தால், "முகம்தான் இல்லையே சார், பெயரும் போடவில்லையே" என்கிறார்கள். பிரஸ் கவுன்சிலுக்கு 20 வேலை நாட்களுக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரிய வந்தபோது இரண்டு மாதம் ஓடிவிட்டது. நீங்களாவது தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சாட்ஸ்வொர்த் பையன் என்றால் நாலு பேராக நிற்கக் கூடாது போலிருக்கிறது. அவன் அந்த டி-ஷர்ட்டை இப்போது தொடுவதில்லை. அவன் அம்மா அதை வண்டி துடைக்கவும் விடமாட்டேன் என்கிறாள், மடித்து அலமாரியில் வைத்திருக்கிறாள்.

*

நான் அந்தப் பக்கத்து ஆள், ஒன்பது வருஷம் செய்தி மேசையில் இருந்தேன், அதனால் திட்டுவதானால் திட்டிக்கொள்ளுங்கள். யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. நாலு மணிக்குள் செய்தி போயாக வேண்டும், போனை எடுக்கிற நிபுணர் யார் என்று பட்டியலைப் பார்ப்போம், அது முந்தைய ஆள் விட்டுப்போன பட்டியல், கிட்டத்தட்ட எல்லாரும் ஆண்கள். பெண் குரல் வேண்டுமென்றால் கடைத்தெருவில் நிற்பவரிடம் விலைவாசி கேட்போம். உலகம் முழுக்க ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஒரே நாள் செய்திகளை எடுத்து எண்ணிப் பார்க்கிற ஆய்வு ஒன்று இருக்கிறது. 1995ல், செய்தியில் பேசப்படுகிறவர்களிலும் பேசுகிறவர்களிலும் பெண்கள் 17 சதவீதம். 2020ல் 25. கால் நூற்றாண்டுக்கு எட்டு சதவீதம்! படமும் அதே கதைதான். தேடினால் முதலில் வருவதை எடுத்துப் போடுவோம்.

*

என் மாமியாருக்கு 78. இங்கேயே பிறந்தவர், தமிழ் பத்து வார்த்தைக்கு மேல் வராது, ஆனால் சாயந்தரமானால் தமிழ் சீரியல். எப்படி ஆயா புரிகிறது என்றால், "பொட்டு எவ்வளவு பெரிசோ அவ்வளவு கெட்டவள்" என்கிறார். போன வாரம் திடீரென்று, "இந்த மாமியார்கள் யாருமே வேலைக்குப் போவதில்லையா?" என்று கேட்டார். டர்பன் தையல் ஃபேக்டரியில் 31 வருஷம் காலர் தைத்தவர் அவர். மருமகளுக்கு எதிராகச் சதி செய்ய நேரம் ஏது என்பதுதான் அவர் சந்தேகம்.

*

முதலில் எழுதியவள்தான். ஆயாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். சாட்ஸ்வொர்த் தம்பி, அந்த டி-ஷர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இந்த முறையும் காம்ரேட்ஸுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். மைக் வந்தால் என்ன கேட்டாலும் சரி, முதல் கிலோமீட்டருக்கு எத்தனை நிமிஷம் எடுத்தேன் என்று ஆரம்பிப்பதாக முடிவு. தொண்ணூறு கிலோமீட்டர் இருக்கிறது, நிறுத்தமாட்டேன்.