பால் பல்லில் அடிபட்டபோது: எங்கள் வீட்டு அனுபவங்கள்

ஒரு மகளின் அம்மா:

என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. நடை பழகி, ஓட ஆரம்பித்திருந்த சமயம். கால் தடுக்கிக் கட்டில் சட்டத்தில் வாய் மோத விழுந்தாள். வாய் நிறைய ரத்தம். சுத்தமான துணியை நனைத்து ஒற்றி எடுத்துவிட்டுப் பார்த்தால், மேல்வரிசை முன்பற்களில் ஒன்றைக் காணவில்லை. தரையெல்லாம் தேடினோம், கட்டிலை நகர்த்திப் பார்த்தோம், கிடைக்கவில்லை. விழுங்கிவிட்டாளா, மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டதா என்று நினைத்ததுமே எனக்குக் கை கால் நடுங்க ஆரம்பித்துவிட்டது.

பல் டாக்டர் என்னைத் தனக்கு எதிரே, முழங்காலோடு முழங்கால் ஒட்டும்படி உட்காரச் சொன்னார். குழந்தையை என் முகம் பார்க்க என் மடியில் வைத்து, மெல்லப் பின்னால் சாய்த்துத் தலையைத் தன் மடியில் வாங்கிக்கொண்டார். அவள் அழாமல் இல்லை. ஆனால் என் முகமும் கைகளும் பக்கத்திலேயே இருந்ததால் ஒரு நிமிடத்தில் பார்த்து முடித்துவிட்டார். அப்புறம் ஒரு சின்ன எக்ஸ்ரே. பல் எங்கேயும் போகவில்லை. அடித்த வேகத்தில் ஈறுக்குள் முழுசாகப் புதைந்திருந்தது.

“இதைப் பிடுங்கவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். தானாக இறங்கி வரும். ஆறு மாதம் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம்” என்றார். சும்மா காத்திருப்பதுதான் சிகிச்சை என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆனது. தினமும் உதட்டைத் தூக்கிப் பார்ப்பேன். மூன்றாவது மாதத்தில் ஈறில் ஒரு வெள்ளை விளிம்பு தெரிந்தது. ஏழாவது மாதம் பக்கத்துப் பல்லோடு சேர்ந்து நின்றது.

ஒரு மகனின் அப்பா:

எங்களுக்கு நடந்தது வேறு. மூன்று வயது மகன் படியில் விழுந்து, முன்பல் வேரோடு வெளியே வந்துவிட்டது. விழுந்த பல்லை உடனே குழியில் வைத்து அழுத்த வேண்டும், முடியாவிட்டால் பாலில் போட்டு எடுத்துப் போக வேண்டும் என்று எங்கேயோ படித்தது நினைவிருந்தது. வைத்து அழுத்தத் துணிந்தேன், அவன் திமிறியதால் முடியவில்லை. பாலில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

நான் படித்தது நிரந்தரப் பல்லுக்குச் சரி, பால் பல்லுக்குக் கூடவே கூடாது என்று டாக்டர் அங்கே விளக்கினார். திரும்பப் பொருத்தினால், உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் முளை சேதமாகலாம். அவன் திமிறியது நல்லதாகப் போயிற்று. ஆனால் பல்லைக் கையோடு கொண்டுபோனது உதவியது. முழுசாக வந்ததா, துண்டு ஏதும் உள்ளே நிற்கிறதா என்று அதைப் பார்த்துத்தான் உறுதி செய்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் பல்லைத் தேடுவதிலேயே இருந்தேன். தலையில் அடிபட்டிருக்கிறதா, வாந்தி வருகிறதா, மயக்கமாக இருக்கிறானா என்று கவனித்தது என் மனைவிதான். முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

இரட்டைக் குழந்தைகளின் அம்மா:

எங்களுக்குப் பல் ஆட்டம் மட்டும்தான், ஈறோரம் கொஞ்சம் ரத்தக் கசிவு. மெத்தென்ற சாப்பாடு, மெல்லிய பிரஷ். இரண்டு வாரத்தில் இறுகிவிட்டது.

இரண்டு பேரன்களின் பாட்டி:

மூத்த பேரனுக்கு விழுந்து சில வாரம் கழித்து முன்பல் சாம்பல் நிறமாக மாறியது. பார்த்தவர்கள் எல்லாரும் பல் செத்துவிட்டது என்றார்கள். ஒரு இடத்தில் உடனே எடுத்துவிடலாம் என்றும் சொன்னார்கள். மனசு கேட்காமல் குழந்தைகளுக்கான பல் டாக்டரிடம் போனோம். நிறம் மாறியதற்காக மட்டும் எடுக்கவோ வேர் சிகிச்சை செய்யவோ தேவையில்லை, வலி, வீக்கம், ஈறில் கொப்புளம் வந்தால்தான் கவலை என்றார். சில மாதத்தில் சாம்பல் குறைந்து மஞ்சளாகத் தெரிந்தது. உள்ளே நரம்பு இருக்கும் பாதை சுண்ணாம்புபோல் இறுகி அடைபட்டால் அப்படி ஆகும் என்றார். அந்தப் பல் தொந்தரவே தராமல் தன் வயதில் தானாக விழுந்தது.

எல்லாருக்கும் இப்படியே ஆகும் என்று சொல்ல மாட்டேன். சின்னவனுக்கும் அதே மாதிரி அடி, நிறம்கூட மாறவில்லை. ஒரு வருடம் கழித்துப் பல்லுக்கு மேலே ஈறில் சின்னதாகச் சீழ்க் கொப்புளம். வலிக்கிறது என்று அவன் ஒரு நாளும் சொல்லவில்லை. குளிப்பாட்டும்போது தற்செயலாகத்தான் பார்த்தேன். அந்தப் பல்லை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

குழந்தைகள் பல் மருத்துவர் ஒருவர்:

“பால் பல்தானே, எப்படியும் விழுந்து முளைக்கப் போவதுதானே” என்று பலர் வீட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். நான் தினமும் பார்ப்பது வேறு. இந்த வயதில் தாடை எலும்பு மிருதுவானது. அதனால் பல் உடைவதைவிட இடம் பெயர்வது அதிகம். மேல் முன்பற்களின் வேர் நுனிக்குப் பின்பக்கம், மிக நெருக்கத்தில், நிரந்தரப் பல்லின் முளை இருக்கிறது. அதன் எனாமல் பிறந்து மூன்று நான்கு மாதத்தில் உருவாகத் தொடங்கி, நான்கைந்து வயதில்தான் முடியும். அதற்குள் பால் பல் உள்நோக்கிப் புதைந்தால், பின்னால் வரும் பல்லில் வெள்ளை அல்லது மஞ்சள் பழுப்புத் திட்டு, சில சமயம் வளைந்த பல்கூட வரலாம். எங்கள் அவசரமெல்லாம் அந்தப் பல்லுக்காகத்தான்.

குழந்தையால் வாயை மூடிக் கடிக்க முடியவில்லை, பல் தொங்குவதுபோல் ஆடுகிறது, உடைந்த துண்டு கிடைக்கவில்லை என்றால் அன்றே காட்டுங்கள். துண்டு உதட்டுக்குள் புதைந்திருப்பதும் உண்டு. மேலுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய இழை கிழிந்தால் ரத்தம் பயமுறுத்தும் அளவுக்கு வரும். அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும், தையல் இல்லாமலே ஆறும். வலிக்கும் என்று பல் துலக்காமல் விடாதீர்கள், சுத்தமாக இருந்தால்தான் ஈறு ஆறும்.

இன்னும் நடக்கவே பழகாத குழந்தைக்கு வாயில் காயம் என்றால் எப்படி நடந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்போம். தயவுசெய்து கோபித்துக்கொள்ளாதீர்கள். தனக்கு நடந்ததைச் சொல்லத் தெரியாத குழந்தைகளுக்காகக் கேட்கிறோம்.

முதலில் எழுதிய அம்மா:

டாக்டர் சொன்னதைப் படித்ததும் மீதியையும் எழுதிவிடலாம் என்று தோன்றியது. ஒரு வாரம், ஆறு வாரம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று போய்க் காட்டினோம். ஆறு வயதில் ஒருமுறை வரச் சொன்னார்கள், போனோம். ஏழரை வயதில் நிரந்தரப் பல் நேராகத்தான் வந்தது, நடுவில் அரிசி அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டோடு. அன்று நான் ஒரு எட்டு முன்னால் போய்ப் பிடித்திருந்தால் என்று மனசு இன்னும் கேட்கிறது. வேண்டுமானால் பின்னாளில் பல் நிறத்திலேயே பூசி மறைக்கலாம் என்கிறார் டாக்டர். மகளிடம் கேட்டேன். கண்ணாடியில் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “இப்போ வேண்டாம்மா” என்றாள்.